கோழியிடம் யார் கேட்டது?

ஒரு சட்டத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். கால்நடைகளை வலி தெரியாம மயக்கிட்டுத்தான் அறுக்கணும்னு அமெரிக்காவில் 1958-ல் சட்டம் வந்தது. மாடு, பன்றி, ஆடு எல்லாம் அதில் உண்டு. கோழி கிடையாது. இன்னிக்கு வரைக்கும் கிடையாது!

இங்கிலாந்து கொஞ்சம் பரவாயில்லை. 1964-ல் ரூத் ஹாரிசன் என்ற பெண்மணி 'அனிமல் மெஷின்ஸ்' என்ற புத்தகத்தில் பண்ணைகளின் லட்சணத்தைப் போட்டு உடைத்தார். அரசாங்கம் பிராம்பெல் தலைமையில் குழு போட்டது, 1965-ல் அறிக்கை வந்தது. 1967-ல் கோழிகளுக்கும் ஒரு சட்டம்: மயக்கிட்டு அறுக்கணும், இல்லேன்னா ஒரே வெட்டில் தலையை எடுக்கணும். மதமுறைப்படி அறுப்பதற்கு மட்டும் விலக்கு.

சரி, எப்படி மயக்குவது? உயிரோடு இருக்கும் கோழியைக் காலைப் பிடித்துத் தலைகீழா இரும்புக் கொக்கியில் மாட்டுவாங்க. வரிசையா நகர்ந்து போய், மின்சாரம் பாயும் தண்ணீர்த் தொட்டியில் தலை முங்கும். கோழிக்கு நம்மைப் போல உதரவிதானம் இல்லை. தலைகீழா தொங்கினா குடல் எல்லாம் நுரையீரல் பக்கம் அழுத்தும். படபடன்னு அடிக்கிற இறக்கை முதலில் தண்ணியைத் தொட்டால் மயங்கும் முன்னாடியே ஷாக். தலையைத் தூக்கிட்டா முழு நினைவோடு கத்திக்குப் போகும்.

இதுக்கு மாற்றுதான் வாயு. கூண்டோடு உள்ளே அனுப்பி, மயங்கின பிறகு கொக்கியில் மாட்டலாம். ஆனா எந்த வாயு? சோடா மூக்கில் ஏறினா சுர்ர்னு எரியுமே, அது கார்பன் டை ஆக்சைடு வேலை. ஆர்கானுக்கு வாசனையும் இல்லை, எரிச்சலும் இல்லை.

பிரிஸ்டலில் மோகன் ராஜ் என்ற ஆய்வாளர் அழகா ஒரு வேலை செய்தார். வான்கோழிகளிடமே கேட்டார்! 1996-ல் வெளியான அந்த ஆய்வில், ஆர்கான் நிரம்பிய அறைக்குள் அவை தயங்காமல் நுழைந்தன. கார்பன் டை ஆக்சைடு அதிகம் இருந்த அறை என்றதும் பல பறவைகள் தயங்கி நின்றன.

பதில் கிடைச்சாச்சு. ஆனால் காற்றில் ஆர்கான் 1% கூட இல்லை, விலை அதிகம். அதனால் பல ஆலைகள் கார்பன் டை ஆக்சைடையே இரண்டு கட்டமா கொடுக்கின்றன: நினைவு தப்பும் வரை 40%-க்குள், அப்புறம் கூடுதலா. 2013-ல் அமலுக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய விதியும் இதை ஏற்கிறது. கூடவே பழைய தண்ணீர்த் தொட்டியையும் ஏற்கிறது.

ஆக, கேட்டோம், பதிலும் வந்தது, பாதிதான் மதிச்சோம். நான் கோழி சாப்பிடுகிறவன்தான். உறுத்துவதே அதனால்தான்.