கோணமலைக் குடாக்கரையில்

ஓர் ஊரின் அழகைக் கண்ணாற் காண ஒரு பொழுது போதும். அதன் வரலாற்றை அறிவாற் காணப் பல நாள் வேண்டும். இவ்வுண்மையை யான் உணர்ந்தது, சென்ற பல்கலைக்கழக விடுமுறையில் நண்பர் மூவருடன் திருகோணமலைக்குச் சென்று, டச்சுக் குடாவின் மணலில் ஒரு மாலைப்பொழுதைக் கழித்தபோதாகும்.

யான் மிசன் பாடசாலையொன்றிற் கற்றவன். திருகோணமலையைப் பற்றி என் மனத்தில் இரண்டு வரலாறுகள் இருந்தன. ஒன்று, பாடசாலை நூலகத்துப் பழைய ஆங்கிலப் புத்தகங்கள் தந்தது. அதிலே கப்பல்களும் பீரங்கிகளும் கடற்படைத் தலைவர்களும் நிறைந்திருந்தனர். மற்றது, என் அம்மம்மா தந்தது. அதிலே இராவணனும் குளக்கோட்டனும் கோணேசப் பெருமானும் இருந்தனர். முன்னதை வரலாறு என்றும் பின்னதைக் கதை என்றும் பிரித்து வைத்திருந்தேன். "கடலுக்குள்ளை ஒரு கோயில் கிடக்குது மோனை" என்று அம்மம்மா சொல்லும்போதெல்லாம் சிரித்திருக்கிறேன். அச்சிரிப்பை நினைந்து இன்று நாணுகின்றேன்.

கண்டியிலிருந்து புறப்பட்ட பேருந்து ஹபரணையைக் கடந்து கந்தளாயை அடைந்தபோதே எங்களுக்குள் வாதம் தொடங்கிவிட்டது. குளமும் கோட்டமும் கட்டியதனாற் குளக்கோட்டன் எனப் பெயர்பெற்ற மன்னனே கந்தளாய்க் குளத்தைக் கட்டுவித்தான் என்பது எம்மவர் மரபு. கோணேசர் கல்வெட்டு என்னும் நூல், அவன் கோயிலுக்கு வகுத்த தொழும்புகளையும் ஒழுங்குகளையும் விரித்துரைக்கின்றது. பாளி வரலாற்று நூலோ இக்குளத்தை ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இரண்டாம் அக்கிரபோதியோடு தொடர்புபடுத்துகின்றது. "இவற்றில் எது மெய்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. பெருங்குளமொன்று ஒருவன் கையால் முடிந்துவிடுவதன்று. ஒருவன் கட்டுவான், ஒருவன் பெருப்பிப்பான், உடைந்தபோது இன்னொருவன் திருத்துவான். 1986ஆம் ஆண்டிலும் இக்குளத்தின் அணை உடைந்து திருத்தப்பட்டதன்றோ!

மாலை நான்கு மணியளவிற் கடற்கரையை அடைந்தோம். டச்சுக் குடா பிறைபோல் வளைந்து கிழக்கு நோக்கிக் கிடக்கின்றது. இடப்பக்கத்தே கோட்டையும், அதன் முடிவிற் கடலுக்குள் நீண்டு செங்குத்தாய் நிற்கும் சுவாமி மலையும், அதன் உச்சியிற் கோயிலும் தோன்றின. தோணிகள் மணலில் ஏற்றப்பட்டிருந்தன. குழந்தைகள் அலையோடு ஓடி விளையாடினர். கோட்டையிலிருந்து வந்த புள்ளிமான்கள் அச்சமின்றி மனிதரிடையே உலாவின. கடலை விற்ற முதியவர் ஒருவரிடம் ஆளுக்கொரு சுருள் வாங்கிக்கொண்டு அமர்ந்தோம்.

இத்துணை அமைதியான குடாவை நாடி இத்தனை நாட்டார் போரிட்டதேன்? விடை காற்றில் இருக்கின்றது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்றுச் சோழமண்டலக் கரையைப் புயலால் அலைக்கும். சென்னை, புதுச்சேரி, நாகபட்டினம் ஆகிய துறைகள் திறந்த கடலை நோக்கியவை. பாய்க்கப்பல்களுக்கு அங்கே புகலிடமில்லை. ஆங்கிலக் கப்பற்படை அக்காலங்களிற் கன்னியாகுமரியைச் சுற்றிப் பம்பாய்வரை செல்ல வேண்டியிருந்தது. திருகோணமலையின் உட்துறைமுகமோ ஆழமுடையது, குன்றுகளாற் சூழப்பட்டது. ஆகவே, அதனை உடையவன் வங்கக் கடலிற் பலமுடையவன் ஆனான். மசூலிப்பட்டினத்திற் புயலாற் பாய்மரம் இழந்த கப்பலொன்று அதனைச் சீர்செய்யவே தெற்கேயுள்ள கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. அதில் வந்த றொபேட் நொக்ஸ் 1660இற் கண்டி அரசனின் ஆட்களாற் பிடிபட்டு, 1679இலேயே தப்பினார். அவர் 1681இல் வெளியிட்ட நூலை வரலாற்று மாணவர் இன்றும் படிக்கின்றனர்.

துறைமுகத்தின் பெருமையே ஊருக்குத் துன்பமாயிற்று. 1620களின் முற்பகுதியிற் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோணேசர் கோயிலை இடித்து, அக்கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பினான். 1639இற் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் துணையுடன் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1672இற் பிரெஞ்சுக்காரர் வந்து, நிலைக்க முடியாது போயினர். 1782 தை மாதத்தில் ஆங்கிலத் தளபதி ஹியூஸ் கோட்டையைப் பிடித்தான். அவ்வாண்டு ஆவணியிலேயே பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் அதனைப் பறித்தான். செப்டெம்பர் 3ஆம் நாள் இருவர் கப்பல்களும் இக்கடலிற் பொருதன. போர் முடிந்தபின் கோட்டை ஒல்லாந்தரிடம் மீண்டது. 1795இல் ஆங்கிலேயர் மறுபடியும் வந்தனர். 1803இல் தம் இளவரசன் பெயரால் அதனை பிரெட்ரிக் கோட்டை என்றனர். 1942 ஏப்ரில் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்திற் குண்டு வீசின. 1957இற் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது.

இவ்வாண்டுகளையெல்லாம் பிழையின்றி நண்பர்க்கு ஒப்புவித்தேன். பின்னர் எழுந்து கோட்டை வாயிலுக்குச் சென்றோம். இன்றும் இராணுவத்தினர் இருக்கும் அக்கோட்டையின் வாயிற் கல்லொன்றில் இரண்டு மீன்கள் செதுக்கப்பட்டுள்ளன. அருகே தமிழ் எழுத்துகளும் உள. "இதென்ன மீன்?" என்று நண்பர் கேட்டார். ஹியூசையும் சுஃப்ரெனையும் அறிந்த யான் வாயடைத்து நின்றேன். எமக்குப் பின்னே வந்த கடலை விற்கும் முதியவரே விடை பகர்ந்தார்: "அது பாண்டியன்ரை மீன், தம்பி. இந்தக் கல்லெல்லாம் கோயிற் கல்லுத்தானே."

என் இரண்டு வரலாறுகளும் அந்த ஒரு கல்லிலே சந்தித்தன. ஐரோப்பியர் கோட்டை என்று யான் படித்ததும், அம்மம்மாவின் கோயிலும் ஒரே கல்லால் ஆனவை!

கோயில் இடிந்தபின் என்ன நிகழ்ந்தது? அடியார் சிலர் திருமேனிகளை மறைத்துக் காத்தனர் என்றும், பின்னர் தம்பலகாமத்தில் ஆதிகோணேசர் ஆலயம் எழுந்தது என்றும் மரபு கூறும். மலையிலே கோயில் இல்லாத நெடுங்காலத்திலும் வழிபாடு நிற்கவில்லை. 1859இல் நூல் எழுதிய எமர்சன் டெனன்ட் என்னும் ஆங்கில அதிகாரி, அந்தணர் ஒருவர் பாறை விளிம்பில் நின்று கடலை நோக்கிப் பூசை செய்வதை வருணித்துள்ளார். சுவரில்லை, கூரையில்லை, விமானமில்லை. ஆயினும் வழிபாடு இருந்தது. சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் இராமேச்சுரத்தில் நின்றவாறே இத்தலத்தைப் பாடினார் என்று பெரியபுராணம் சொல்கின்றது. கடலுக்கு அப்பால் நின்று பாடப்பட்ட தலம், கட்டடம் அழிந்தபின்னும் வாழ்ந்ததில் வியப்பென்ன?

1950இற் பட்டினத்திற் கிணறு வெட்டியபோது சோமாஸ்கந்தர் முதலிய செப்புத் திருமேனிகள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. 1956இல் ஆதர் சி. கிளாக், மைக் வில்சன் என்னும் இருவர் சுவாமி மலையின் அடியில் மூழ்கிச் செதுக்கிய தூண்களையும் கற்களையும் கண்டனர். அடுத்த ஆண்டு கிளாக் வெளியிட்ட நூலில் இதனைப் படித்த அன்றுதான் என் சிரிப்பு அடங்கிற்று. கடலுக்குள்ளே கோயில் கிடந்தது மெய்யே!

ஆயினும் பழங்கதை யாவும் மெய்யென நம்புதலும் தகாது. மலையிலே ஒல்லாந்தப் பெண் ஒருத்தியின் பெயரும் 1687ஆம் ஆண்டும் பொறித்த பழந்தூண் ஒன்றுண்டு. காதலன் கப்பலேறிப் போவதைக் கண்டு அவள் கடலிற் பாய்ந்து இறந்தாள் என்பர். பழைய ஒல்லாந்தப் பதிவுகளை ஆராய்ந்தவர்களோ, அவள் பின்னர் மணம் புரிந்து வாழ்ந்தாள் என்கின்றனர். எனவே ஒரு கதையைக் கடல் மெய்ப்பித்தது. மற்றொன்றை ஏடு பொய்ப்பித்தது. மரபை ஏட்டாலும், ஏட்டை மண்ணாலும் சோதித்தறிதலே வரலாறு கற்போர் கடன். குளக்கோட்டனுக்கும் அக்கிரபோதிக்கும் இந்நெறியே பொருந்தும். நமது நூல் என்பதற்காக ஒன்றை ஏற்பதும், பிறர் நூல் என்பதற்காக ஒன்றைத் தள்ளுவதும் அறிவுடைமையாகா.

மீண்டும் மணலுக்கு வந்தபோது இருள் சூழ்ந்திருந்தது. மலை உச்சியில் மணி ஒலித்தது. இக்கரையை 2004 மார்கழி 26இற் கடல் பொங்கி வந்து தாக்கிற்று. 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரும் இந்நகரை வருத்திற்று. அத்தனைக்கும் பின்னர் குழந்தைகள் இங்கே விளையாடுகின்றனர், மணியும் ஒலிக்கின்றது.

என் மனத்திலோ ஒரு குறை தங்கிவிட்டது. 1963இற் புதிய கோயிலின் கும்பாபிஷேகம் நடந்தபோது அம்மம்மா பதினெட்டு வயதுப் பெண்ணாய் இம்மலையிலே நின்றவர். அன்று கூடிய சனம் எவ்வளவு, யார் யார் வந்தனர், எவ்வழியாக வந்தனர், பெரியோர் என்ன பேசிக்கொண்டனர் என்று யான் ஒருநாளும் கேட்டிலேன். கேட்க அறிவு வந்தபோது அவர் இல்லை. பிரெஞ்சுத் தளபதி கோட்டையைப் பிடித்த மாதத்தை அறிந்த யான், என் வீட்டுத் திண்ணையிலிருந்த வரலாற்றை இழந்துவிட்டேன்.

சங்கத்து வாலிப நண்பர்காள், எனக்கு நேர்ந்த இவ்விழப்பு உங்களுக்கும் நேராதிருப்பதாக. இம்மலரை மூடிவைத்தபின் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டு மூத்தோரிடம் செல்லுங்கள். அவர்கள் கண்டதைக் கேட்டு, ஆண்டோடு எழுதி வையுங்கள். பெரியோர்களே, பிள்ளைகள் சிரித்தாலும் சொல்லுங்கள். சிரித்தவர்களும் ஒருநாள் கோட்டை வாயிலில் நின்று அந்த மீன்களைப் பார்ப்பார்கள்.