கோபன்ஹேகன் வழியாக மைசூருக்கு ஒரு பதில்

மைசூர் சரஸ்வதிபுரத்தில் இருக்கும் என் சித்தி பெண்ணுக்கு எம்.எஸ். என்கிற மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் இருப்பது தெரியவே மூன்று வருஷம் ஆனது. முதலில் கண் மங்கியது, கண்ணாடி பவரை மாற்றினார்கள். கால் மரத்தது, வைட்டமின் மாத்திரை கொடுத்தார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

போன மாசம் போனில் கேட்டாள். "அண்ணா, உங்க அம்மா வழியில யாருக்காவது இருந்துதான்னு மாமியார் துருவித் துருவிக் கேக்கறாங்க. என் பொண்ணுக்கும் வந்துடுமா?"

நான் டாக்டர் இல்லை, ஆபீசில் ஆணி பிடுங்குகிறவன். ஆனால் குப்பை கொட்டுவது கோபன்ஹேகனில். இந்தக் கதையில் பாதி இங்கேதான் நடந்திருக்கிறது என்று தேடும்போதுதான் தெரிந்தது.

நம் எதிர்ப்புச் சக்தியே நரம்பின் மேலுறையை அரிக்கும் இந்த நோயை பாரிஸில் ஷார்கோ 1868-ல் தெளிவாக விவரித்தார். அப்புறம் நூறு வருஷம் பரம்பரையா, கிருமியா என்று ஒரே சண்டை. 1972-ல் கோபன்ஹேகனில் யெர்சில்ட், ஸ்வேய்கோர், ஃபோக் மூவரும் நோயாளிகளின் வெள்ளணுக்களைப் பார்த்தார்கள். சில எச்.எல்.ஏ. வகைகள் அவர்களிடம் அதிகம் இருந்தன. கிருமியின் துண்டை எடுத்து எதிர்ப்பு அணுக்களுக்குக் காட்டும் புரதங்கள் இவை. பின்னால் வந்தவர்கள் அதை டி.ஆர்.பி.1*15:01 என்ற ஒரு வகை வரை குறுக்கினார்கள். அது இருந்தால் ஆபத்து சுமார் 3 மடங்கு. 2019-ல் பட்டியல் 233 இடங்களாக நீண்டுவிட்டது. மற்றவை ஒவ்வொன்றும் துளித் துளிதான்.

2024 ஜனவரியில் மறுபடியும் இதே ஊர். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் வில்லர்ஸ்லெவ் குழு பழைய எலும்புகளின் டி.என்.ஏ.வைப் படித்தது. சுமார் 5000 வருஷம் முன் ஸ்டெப்பி புல்வெளியிலிருந்து மாடு, ஆடு ஓட்டி வந்தவர்கள்தான் இந்த மரபணுக்களை வட ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார்களாம். கால்நடையோடு வாழ்ந்தவர்களை அவை தொற்றிலிருந்து காத்திருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். அன்றைக்குக் காவல்காரன், இன்றைக்கு வீட்டையே உடைக்கிறான்!

நம்ம ஊர்? எம்.எஸ். வெள்ளைக்காரன் வியாதி என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். பம்பாய் பார்சிகளிடம் மற்றவர்களைவிட அதிகம் என்று வாடியா 1990-ல் எழுதினார். அவர்கள் ஈரானிலிருந்து வந்தவர்கள் என்பதால் அதுவும் அந்த நினைப்பை அசைக்கவில்லை. மைசூரிலிருந்து மடிக்கேரி மலை இறங்கினால் வரும் மங்களூரில் டாக்டர் லேகா பண்டிட் நோயாளிகளைப் பதிவேடு போட்டுக் கணக்கெடுத்தார். லட்சத்துக்கு சுமார் 8 பேர். முன்பு நினைத்ததைவிடப் பல மடங்கு. ஐரோப்பியப் பட்டியலை நம்மவர்களிடம் சோதித்தபோதும் பெரும்பாலானவை அதே பக்கமே சாய்ந்தன.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது இரட்டையர் கணக்குதான். ஒரே அச்சில் வார்த்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால், மற்றவருக்கு வருவது ஏறக்குறைய நாலில் ஒன்று. மரபணு மொத்தமும் ஒன்றாயிருந்தும் மூன்று பேர் தப்புகிறார்கள்! எப்ஸ்டைன்-பார் வைரஸ், சிகரெட், வைட்டமின் டி குறைவு என்று வேறு கைகளும் உள்ளே இருக்கின்றன. அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு வருவது ஐரோப்பாவிலேயே நூற்றுக்கு இரண்டு மூன்றுதான்.

ராத்திரி இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"நூத்துல தொண்ணூத்தேழு வராது, அப்படித்தானே?"

"ஆமாம்மா."

"சரி, போனை மாமியார்கிட்ட தரேன். நீயே சொல்லிடு. கன்னடத்துல."

எச்.எல்.ஏ.வுக்குக் கன்னடத்தில் என்னங்க? :-)