ஒரு கிழமை முந்திப் பிறந்திருந்தால்?



முதலாம் தவணை தொடங்கினால் எங்கள் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம். ஐந்துசந்திப் பக்கம் பின்னேரங்களில் விசில் சத்தம் கேட்கும். அதோடு வீடுகளில் இன்னொரு பேச்சும் கேட்கும்: "எங்கட பிள்ளை தெரிவாகயில்லை. அவனுக்கு ஓட்டம் சரிவராது, படிக்கட்டும்." பத்து வயதுப் பிள்ளையைப் பற்றி இப்படித் தீர்ப்புச் சொல்லும் முன் தெரிந்திருக்க வேண்டிய ஒரு வரலாறு உண்டு. அதைத்தான் இன்று எழுதுகிறோம். பதிவு கொஞ்சம் நீளம். பெற்றோர் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

எல்லோருக்கும் தெரிந்த ஒருவரிலிருந்து தொடங்குவோம். பர்வீஸ் மஹ்ரூப். 2004இல் பங்களாதேஷில் நடந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தில் இலங்கை அணிக்குத் தலைவர். அதே வருடம் தேசிய அணிக்கும் வந்துவிட்டார். அவர் பிறந்தது 1984 செப்டெம்பர் 7. அந்த உலகக் கிண்ணத்தில் விளையாட 1984 செப்டெம்பர் 1 அல்லது அதற்குப் பின் பிறந்திருக்க வேண்டும். ஆறே நாள் வித்தியாசம். ஒரு கிழமை முந்திப் பிறந்திருந்தால் அதே கை, அதே பந்து, அதே உழைப்பு எல்லாம் இருந்தும் அந்த அணியில் அவர் இருந்திருக்க முடியாது. அவருடைய திறமையைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. திறமைக்குப் பக்கத்தில் ஒரு திகதிக் கோடும் இருக்கிறது, அதை யாரும் கவனிப்பதில்லை என்பதற்காகச் சொல்கிறோம்.

இது ஒருவருக்கு மட்டும் நேர்ந்த தற்செயல் என்று நினைக்கலாம். இதைக் கணக்கெடுத்துப் பார்த்தவர்கள் கனடாக்காரர்கள். 1980களில் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் லெத்பிரிட்ஜ் நகரில் குடும்பத்தோடு ஐஸ் ஹொக்கிப் போட்டி பார்க்கப் போயிருந்தார். அங்கே விற்ற நிகழ்ச்சிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த அவருடைய மனைவி பவுலாதான் முதலில் கண்டுபிடித்தார்: வீரர்களில் பலர் ஜனவரி, பெப்ரவரி, மார்ச் என்று வருடத் தொடக்கத்தில் பிறந்தவர்கள் போல இருந்தது. வீட்டுக்கு வந்து மற்ற அணிகளையும் எண்ணிப் பார்த்தார்கள். எங்கும் அதே கோலம். 1985இல் இன்னொரு ஆய்வாளரையும் சேர்த்துக்கொண்டு அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். உயர்மட்ட இளைஞர் அணிகளில் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் ஏறத்தாழ 40 வீதம், கடைசி மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் 10 வீதம் மட்டுமே.

நட்சத்திரப் பலன், ராசிப் பலன் என்று எதுவும் இதில் இல்லை. கனடாவில் சிறுவர் ஹொக்கிக்கு வயதுக் கோடு ஜனவரி 1. ஒரே பிரிவில் ஜனவரி 2இல் பிறந்த பிள்ளையும் டிசெம்பர் 30இல் பிறந்த பிள்ளையும் நிற்பார்கள். பத்து வயதில் ஒரு வருடம் என்பது வாழ்நாளில் பத்தில் ஒரு பங்கு. அந்தப் பங்கு உயரத்திலும் தெரியும், கால் பலத்திலும் தெரியும். பயிற்றுவிப்பாளர் பெரிய பிள்ளையைத் "திறமைசாலி" என்று எடுப்பார். எடுத்த பிள்ளைக்கு நல்ல பயிற்சி, கூடுதலான போட்டிகள், புதுச் சப்பாத்து, பாராட்டு எல்லாம் கிடைக்கும். சின்னப் பிள்ளை வீட்டுக்குப் போகும். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் முதல் பிள்ளை உண்மையாகவே திறமைசாலியாகியிருக்கும்!

"மாரியில் பிறந்த பிள்ளைக்கு உடம்பு உறுதியாக இருக்குமோ?" என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. ஜப்பானில் பாடசாலை வருடம் ஏப்ரலில் தொடங்குகிறது. அங்கே தொழில்முறை வீரர்களில் ஏப்ரலில் தொடங்கும் மாதங்களில் பிறந்தவர்களே கூடுதல். பெல்ஜியத்தின் கதை இன்னும் தெளிவானது. அங்கே இளையோர் உதைபந்தாட்டத்தில் ஓகஸ்ட் 1 கோடாக இருந்தபோது ஓகஸ்டுக்குப் பின் வரும் மாதங்களில் பிறந்தவர்கள் அணிகளில் நிறைந்திருந்தார்கள். 1997இல் கோட்டை ஜனவரி 1க்கு மாற்றினார்கள். உடனே ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்தவர்கள் முன்னுக்கு வந்தார்கள். காலநிலை மாறவில்லை, பிள்ளைகள் மாறவில்லை. சட்டப் புத்தகத்தில் ஒரு திகதி மட்டும் மாறியது.

எங்கள் வகுப்பறைக்குள்ளும் இப்படியொரு கோடு உண்டு. ஜனவரி 31இல் ஐந்து வயது நிறைந்த பிள்ளை தரம் 1க்கு வரும். பெப்ரவரி 1இல் பிறந்த பிள்ளை அடுத்த வருடம் வரை காத்திருக்கும். ஆகவே எந்த வகுப்பிலும் பெப்ரவரிப் பிள்ளை மூத்தது, ஜனவரிப் பிள்ளை இளையது. ஒரே வாங்கில் இருக்கும் இரண்டு பேருக்கும் ஏறத்தாழ ஒரு வருட வித்தியாசம். தரம் 5 புலமைப்பரிசில் நேரம் பிள்ளைகளை ஒப்பிட்டுப் பேசும் பெற்றோரும் இதை ஒருக்கா யோசிக்க வேண்டும்.

அப்படியென்றால் பிந்திப் பிறந்த பிள்ளைக்கு வழியே இல்லையா? எங்கள் மண்ணிலேயே பதில் இருக்கிறது. யாழ். மத்திய கல்லூரியில் படித்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் பிறந்தது 1934 ஓகஸ்ட் 24. ஜனவரிக் கோட்டில் வைத்தாலும் செப்டெம்பர்க் கோட்டில் வைத்தாலும் அவர் இளைய பக்கம்தான். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குப் போகும்போது வயது 17. 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் பாய்ந்து இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கத்தைக் கொண்டுவந்தார். அதே கல்லூரியின் சுழற்பந்து வீச்சாளர் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2001 டிசெம்பர் 5இல் பிறந்தவர். ஜனவரிக் கோட்டில் அவர் வரிசையின் கடைசி. கிரிக்கெட்டின் செப்டெம்பர்க் கோட்டில் முன்வரிசை. ஒரே பிள்ளை, இரண்டு இடம்.

கனடாவிலும் பின்னர் செய்த ஆய்வில், மிக உச்சத்துக்குப் போன ஹொக்கி வீரர்களிடம் இந்த மாத வித்தியாசம் மறைந்து, தலைகீழாகவும் மாறியிருந்தது. சின்ன உடம்போடு பெரியவர்களுக்கு ஈடுகொடுத்து வளர்ந்த பிள்ளை பிந்தி உறுதியாக நிற்கும் போலும். ஆனால் அதற்கு அந்தப் பிள்ளை மைதானத்தை விட்டுப் போகாமல் இருந்திருக்க வேண்டும்.

எங்கள் சமூகத்துக்கு இது சும்மா தகவல் அல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து நாங்கள் வெளியேற்றப்பட்டபோது பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் இருந்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். புத்தளத்து அகதி முகாம்களில் தண்ணீருக்கு வரிசையில் நின்ற அந்தப் பிள்ளைகளில் யார் நல்லாய் ஓடுவார், யார் நல்லாய்ப் பாய்வார் என்று பார்க்க நேரமும் இருக்கவில்லை, மைதானமும் இருக்கவில்லை. அவர்களுக்கு முன்னால் விழுந்தது பிறந்த வருடத்தின் கோடு. அதை அழிக்க எங்களால் முடியவில்லை. மீண்டு வந்து, குறைந்த பிள்ளைகளோடு பாடசாலைகளைத் திரும்பக் கட்டியெழுப்பும் நாங்கள், பிறந்த மாதத்தின் பெயரால் அரைவாசிப் பிள்ளைகளை ஒதுக்கிவைக்க முடியுமா? பிள்ளைகள் குறைவு என்பதே ஒரு வசதியும்தான். ஆயிரம் பேரில் பத்துப் பேரை எடுக்கும் இடத்தில்தான் இந்தக் கோடு கடுமையாக வெட்டும். எல்லோரையும் ஓட வைக்கக்கூடிய சின்னப் பாடசாலையில் அதன் கூர் மழுங்கும்.

செய்யக்கூடிய வேலையும் சின்னதுதான். நெதர்லாந்தில் ஒரு சோதனை நடந்தது. சிறுவர் உதைபந்தாட்டத்தில் வீரர்களைத் தெரிவு செய்வோரிடம் பிறந்த திகதிகளை எழுதிக் கொடுத்துப் பார்த்தார்கள். பெரிய மாற்றம் வரவில்லை. பிறகு பிள்ளைகளின் மேலாடை இலக்கங்களை வயது வரிசைப்படி கொடுத்தார்கள். அப்போது சின்னவர் யார், பெரியவர் யார் என்பது ஓடும்போதே கண்ணில் பட்டது. தெரிவில் இருந்த பக்கச்சார்பு போய்விட்டது.

இதற்குக் காசு தேவையில்லை. இல்லப் பொறுப்பாசிரியர்கள் இடாப்பைப் பார்த்து, ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் மூத்த பிள்ளைக்கு 1, அடுத்தவருக்கு 2 என்று இலக்கம் கொடுக்கலாம். கடைசி இலக்கத்தோடு ஓடும் பிள்ளை ஐந்தாவதாக வந்தால் அதன் பெயரையும் குறித்து வைத்து, மூன்றாம் தவணையில் திரும்ப ஓட வைக்கலாம். பெற்றோர் செய்ய வேண்டியது இன்னும் இலேசு. தெரிவாகாத பிள்ளையையும் பின்னேரப் பயிற்சிக்குத் தொடர்ந்து அனுப்புங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த வருடப் போட்டியில் இந்த இலக்கங்களோடு பிள்ளைகளைப் பார்ப்போம்.