டிராக்டருக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் ஒரே பிளாக்

1985-இல் சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் ‘ஸ்டாண்டர்ட் 2000’ காரைக் கொண்டுவந்தது. உடல், இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1. இன்ஜின் அதைவிட ஒரு தலைமுறை மூத்தது: 1947-இல் அறிமுகமான வேன்கார்ட் காரின் வழிவந்தது. பெட்ரோல் குடிக்குது, இழுக்க மாட்டேங்குது என்றார்கள். சில ஆண்டுகளில் கார் நின்றுபோனது.

ஆனால் அந்தப் பிளாக்கை நான் லேசாக நினைக்கமாட்டேன். ஃபெர்குசன் டிராக்டரில் ஏர் இழுத்ததும், 1953-இல் டிரையம்ஃப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் காரில் ஓடியதும் அதே குடும்பம்தான். சூட்சுமம் லைனரில் இருக்கிறது. சிலிண்டர் பிளாக்கோடு வார்க்கப்பட்டதல்ல, கழற்றி மாற்றலாம். ஸ்ட்ரோக் 92 மி.மீ. 85 மி.மீ. போர் என்றால் 2088 சிசி, வேன்கார்ட். 83 என்றால் 1991 சிசி, டிஆர்2. 86 என்றால் 2138 சிசி, டிஆர்4. நாம் கழித்துக்கட்டிய ஸ்டாண்டர்ட் 2000-உம் 1991 சிசிதான்.

அதனால் புதுப்பேட்டையில் யாராவது “சார், ஒரிஜினல் ஸ்போர்ட்ஸ் பிளாக்” என்றால் முதலில் பொறித்த எண்ணைப் பார்ப்பேன். ‘டிஎஸ்’ என்று தொடங்கினால் டிஆர்2, டிஆர்3 வம்சம். ஆனால் எண் பிறப்பைத்தான் சொல்லும், உடல்நிலையைச் சொல்லாது. போர் தேய்ந்திருந்தால் பரவாயில்லை, புது லைனர் போதும். லைனர் உட்காரும் விளிம்பு அரித்திருக்கிறதா? தண்ணீர் ஓடும் சுவரில் விரிசல் உண்டா? மூன்று மெயின் பேரிங் கேப்பும் கூடவே இருக்கா? கேப்பை அந்தந்தப் பிளாக்கில் மாட்டித்தான் துளை கடைவார்கள்; இன்னொன்றின் கேப் சேராது.

இந்த மூன்றும் சரியென்றால், எண்ணே அழிந்துபோன பிளாக்குக்கும் நான் எடைக்கு மேல் விலை கொடுப்பேன்.