ஜான் லாக்கின் 100 கட்டங்கள்

1545-ல் சூரிச் நகரத்து அறிஞர் கொன்ராட் கெஸ்னர் ஒரு பெரும் நூற்பட்டியலை வெளியிட்டார். லத்தீன், கிரேக்கம், ஹீப்ரு மொழிகளில் அதுவரை வந்த நூல்கள் அத்தனையையும் ஒரே தொகுப்புக்குள் கொண்டுவரும் முயற்சி அது. நூல்கள் அளவில்லாமல் பெருகிக் குழப்பமும் கேடும் விளைவிப்பதாக அதன் முன்னுரையிலேயே அவர் வருந்துகிறார். கூடன்பர்க்கின் அச்சு வந்து நூறாண்டு நிறைவதற்குள் படிப்பவர்களுக்கு மூச்சுத் திணற ஆரம்பித்துவிட்டது.

அதற்கு அவர்கள் நம்பியிருந்தது ஒரு குறிப்பேட்டை. ஆங்கிலத்தில் காமன்பிளேஸ் புக் என்பார்கள். படித்ததில் மனத்தில் தைத்ததைக் கையால் எடுத்தெழுதி, நட்பு, கோபம், மரணம், அரசாட்சி என்று தலைப்புவாரியாகச் சேர்த்துவைப்பது வழக்கம். இதன் வேர் மிகப் பழையது. தேனீ பல பூக்களில் திரட்டியதைத் தேனாக்குவதுபோல, படித்ததைச் செரித்துத் தனதாக்கிக்கொள்ள வேண்டும் என்று ரோமானியத் தத்துவ அறிஞர் செனெகா தன் நண்பர் லூசிலியஸுக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார். தலைப்புகளை எப்படி வகுப்பது என்பதை டச்சு அறிஞர் எராஸ்மஸ் 1512-ல் மாணவர்களுக்காக எழுதினார். பிறகு அது பள்ளிப் பயிற்சியாகவே ஆனது.

ஆனால் ஏடு தடிக்கத் தடிக்க, எழுதிவைத்ததைத் தேடி எடுப்பதே பெரும்பாடாகிவிடும். அதற்கு வழி கண்டவர் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக். ஹாலந்தில் தஞ்சம் புகுந்திருந்த காலத்தில், 1686-ல், தன் முறையைப் பிரெஞ்சு மொழி இதழ் ஒன்றில் வெளியிட்டார். அவர் மறைந்த பின் 1706-ல் அது ஆங்கிலத்தில் நூலாக வந்தது.

முறை எளிமையானது. ஏட்டின் தொடக்கத்தில் இரண்டு பக்கங்களை ஒதுக்கிக்கொள்ள வேண்டும். அவற்றில் 20 லத்தீன் எழுத்துகள். ஒவ்வொன்றின் கீழும் ஐந்து உயிரெழுத்துகள். ஆக 100 கட்டங்கள். கடிதத்தைக் குறிக்கும் ‘எபிஸ்டோலா’ என்ற லத்தீன் சொல் தலைப்பானால், முதல் எழுத்து E, அதற்குப் பின் வரும் முதல் உயிரெழுத்து I. அந்தக் கட்டம் காலியாக இருந்தால், ஏட்டில் அடுத்த வெற்றுப் பக்கத்துக்குப் போய் எழுதிவிட்டு, பக்க எண்ணை மட்டும் கட்டத்தில் குறிக்க வேண்டும். அடுத்த முறை அந்த எண்ணே வழிகாட்டும். எந்தத் தலைப்புக்கு எத்தனை பக்கம் வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே ஊகித்து ஒதுக்கும் தொல்லை இல்லை. படிப்பு போகிற போக்கில் ஏடும் வளரும்.

தேடுவதற்கான வசதியாகவே லாக் இதை வகுத்தார். ஆனால் இதன் பெரிய பயன் வேறிடத்தில் இருக்கிறது. தோற்ற எதிரியை மன்னித்த அரசனைப் பற்றி ஒருவர் படிக்கிறார் என்றால், அதை எழுதிவைக்க வேண்டியது இரக்கத்தின் கீழா, அரசியல் தந்திரத்தின் கீழா? இறகுப் பேனாவோடு அவர் தயங்கும் அந்த நேரத்தில்தான் படித்தது உள்ளே இறங்குகிறது. இன்று கைபேசியில் ‘பிறகு படிக்கலாம்’ என்று சேமிக்கும் கட்டுரைகளுக்கு அந்தக் கேள்வி வருவதே இல்லை. தட்டியதும் போய்ச் சேர்ந்து, ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்து அமுங்கிப்போகின்றன. இழப்பு சிறியதல்ல.

பிரெஞ்சுக் கட்டுரையாளர் மோன்தேன் வேறு விதமாகச் செய்தார். 1571-ல் பதவியை விட்டு ஊர் திரும்பியவர், தன் கோபுர நூலகத்தின் உத்தரங்களில் கிரேக்க, லத்தீன் வாசகங்களை எழுதச் செய்தார். தன் நினைவாற்றலில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. அதனால் ஒரு நூலை முடித்ததும் அதன் கடைசியில், முடித்த தேதியையும் நூலைப் பற்றிய தன் கருத்தையும் குறித்துவைப்பார்.

குறிப்பேட்டு வழக்கம் பின்னர் வணிகமாகவும் ஆனது. 1770-ல் லண்டன் பதிப்பாளர் ஜான் பெல், லாக்கின் முறைப்படி அச்சிட்ட வெற்றேடுகளை விற்றார். சார்லஸ் டார்வினின் தாத்தாவும் மருத்துவருமான எராஸ்மஸ் டார்வின் பயன்படுத்தியது அப்படிப்பட்ட ஏட்டைத்தான். அதற்கு வெகு முன்பே, படிக்காமலே பொறுக்கிச் சேர்த்து மேதையாக நடிப்பவர்களும் பெருகியிருந்தார்கள். நையாண்டி எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் அவர்களை வறுத்தெடுத்தார்.

நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டரிடம் வந்து சேர்ந்தது, ஆயர் ஜான் ஜெப் 1804-ல் தொடங்கிப் பெரும்பகுதியை வெறுமையாக விட்டுப்போன ஏடு. 1925-ல் ஃபார்ஸ்டர் அதில் எழுதத் தொடங்கி, 1968 வரை தொடர்ந்தார். படித்த நூல்களோடு நடத்திய வாதங்களும் முதுமையைப் பற்றிய எண்ணங்களும் அதில் கலந்து கிடக்கின்றன. 1970-ல் கவிஞர் டபிள்யூ. எச். ஆடன், பிறர் எழுத்துகளிலிருந்து தான் எடுத்தெழுதியவற்றை அகர வரிசைத் தலைப்புகளில் நூலாக்கினார். எழுத்தாளர்களின் வாழ்க்கை வரலாறுகள் தேவையற்றவை என்று கருதியவர், இத்தொகுப்பு ஒரு வகையில் தன்வரலாறாகவே அமைந்துவிட்டதை முன்னுரையில் ஒப்புக்கொண்டார்.