பரணில் கிடந்த நன்னன்: வீட்டை ஒழிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு

மார்கழி கடைசி வாரம். இந்நேரம் உங்க வீட்டிலும் யாராவது ஆரம்பிச்சிருப்பாங்க: "போகி வருது, பரண்ல இருக்கிறதை எல்லாம் இறக்கு."

வீட்டை ஒழிச்சு வைக்கிறதுன்னாலே இப்போ நமக்கு ஞாபகம் வர்ற பேர் மேரி கோண்டோ. அவங்க புத்தகம் ஜப்பானில் 2011-ல் வந்தது. 2019-ல் நெட்ஃபிளிக்ஸ் தொடர் வந்ததும் உலகமே டிராயரைத் திறந்து சட்டை மடிக்க ஆரம்பிச்சிடுச்சு. ஒவ்வொரு பொருளையும் கையில் எடு, அது உனக்குச் சந்தோஷம் தருதான்னு கேளு, தரலைன்னா நன்றி சொல்லி அனுப்பிடு. இதுதான் அவங்க முறை. நல்ல முறைதான். ஆனா தமிழ்நாட்டில் இதுக்குக் காலண்டரிலேயே ரெண்டு நாள் ஒதுக்கி வச்சிருக்காங்க. போகியில் நெருப்பு, ஆடிப்பெருக்கில் ஆறு. அந்த ரெண்டு நாளும் தமிழ் இலக்கியத்துக்கு என்ன செஞ்சதுங்கிறதுதான் இன்னைக்கு எபிசோட்.

போளூரிலிருந்து தெரியிற மலை

கதை எங்க ஊர்ப் பக்கம் ஆரம்பிக்குது. போளூர், திருவண்ணாமலை மாவட்டம். மேற்கே பார்த்தா ஜவ்வாது மலை. ஜமுனாமரத்தூர் போறவங்க இங்க வந்துதான் பஸ் மாறுவாங்க. தெற்கே போனா பர்வதமலை. ஜவ்வாது மலையில் பிறந்து கீழே இறங்கி வர்ற ஆறு செய்யாறு.

இந்த நிலப்பரப்பைப் பத்தி ஒரு சங்கப் பாட்டு இருக்கு. பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டு, மலைபடுகடாம். 583 அடி. பாடினவர் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் செங்கண்மாவை ஆண்ட நன்னன். செங்கண்மாதான் இன்னைக்குச் செங்கம். பாட்டில் வர்ற சேயாறுதான் செய்யாறு. அதில் வர்ற நவிரமலையைப் பர்வதமலைன்னு ஆய்வாளர்கள் அடையாளம் காட்டுறாங்க.

நன்னனிடம் பரிசு வாங்கிட்டுத் திரும்புற ஒரு கூத்தர், எதிரே வர்ற இன்னொரு குழுவுக்கு வழி சொல்றார். எந்தப் பாதையில் போகணும், எங்க வழுக்கும், எங்க காட்டுப்பன்றிக்குப் பொறி வச்சிருப்பாங்க, எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும். கிட்டத்தட்ட ஒரு டிரெக்கிங் கைடு. தொடக்கத்திலேயே அந்தக் குழு எப்படிச் சாமான் கட்டியிருக்காங்கன்னு ஒரு காட்சி வருது. முழவு, கொம்பு, குழல் எல்லாத்தையும் பையில் போட்டு, ரெண்டு பக்கமும் சம எடை இருக்கிற மாதிரி சுமந்துக்கிட்டுப் போறாங்க. பார்க்க மழைக்காலப் பலாமரத்தில் கொத்துக் கொத்தாகக் காய் தொங்குற மாதிரி இருக்காம். மலை ஏறுறவன் தேவையில்லாத ஒரு பொருளையும் தூக்க மாட்டான். மினிமலிசம்ங்கிற வார்த்தை வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே அந்தப் பழக்கம் இருந்திருக்கு.

இந்தப் பாட்டு இன்னைக்கு நம்ம கையில் இருக்கிறதுக்குக் காரணம், எங்கேயோ சில வீடுகளில் சிலர் சில பொருட்களைத் தூக்கிப் போடாம விட்டதுதான்.

பழைய வீடு எப்படி வேலை செஞ்சது

நம்ம தாத்தா பாட்டி காலத்து வீட்டைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பீரோ கிடையாது, வார்ட்ரோப் கிடையாது. ஆனா ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு இடம் உண்டு. நெல்லுக்குக் குதிர். தயிருக்கும் வெண்ணெய்க்கும் உறி, பூனையும் எறும்பும் எட்டாத உயரத்தில். விளக்குக்கு மாடம். கடுகு, சீரகம், மிளகுக்கு அஞ்சறைப் பெட்டி. துணிக்குக் கொடி. வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கிற பொருளுக்குப் பரண்.

இதில் ஒரு கணக்கு இருக்கு. தினமும் எடுக்கிறது கை எட்டுற தூரத்தில். வாரத்துக்கு ஒரு முறை எடுக்கிறது எட்டி எடுக்கிற உயரத்தில். எப்பவாவது எடுக்கிறது ஏணி போட்டு ஏறுற இடத்தில். கம்ப்யூட்டர் படிச்சவங்களுக்கு இது உடனே புரியும். கேஷ், மெயின் மெமரி, ஹார்ட் டிஸ்க். அதே வரிசைதான்.

பரண் குப்பை போடுற இடம் கிடையாது. அடுத்த வருஷ விதை அங்கதான் இருக்கும். சாமையோ கேழ்வரகோ, விதைக்கு எடுத்து வச்சதைச் சாம்பல், வேப்பிலை போட்டு மூடி வைப்பாங்க. சுரை விதை சுரைக்குடுக்கையில் இருக்கும். அடுப்புப் புகை படுற இடத்தில் விதையைத் தொங்கவிட்டா பூச்சி வராது. அந்த விதையைப் பார்த்து "இது சந்தோஷம் தருதா"ன்னு யாரும் கேட்க முடியாது. அது போனா அடுத்த வருஷம் சோறு இல்லை.

அதே மாதிரி மேலே போன இன்னொரு பொருள்தான் ஓலைச்சுவடி.

படியெடு, அப்புறம் விடு

பனை ஓலைக்கு ஆயுள் உண்டு. பக்குவமாக வச்சிருந்தா சில நூறு வருஷம் தாங்கும். நம்ம ஊர் ஈரத்திலும் கரையானிலும் அதுக்கு முன்னாடியே போயிடும். ராமபாணப் பூச்சி ஓட்டை போடும். ஓரம் உதிரும். அதனால ஒரு நூல் பிழைக்கணும்னா யாராவது ஒருத்தர் எழுத்தாணியோட உட்கார்ந்து புது ஓலையில் மொத்தத்தையும் திரும்ப எழுதணும். எழுதி முடிச்சதும் பழைய ஏட்டை என்ன பண்றது? அது சரஸ்வதி, குப்பையில் போட முடியாது. மரியாதையாக ஆற்றில் விடுவாங்க, இல்லைன்னா நெருப்பில் இடுவாங்க.

இதைக் கவனிச்சா ரெண்டு படி தெரியும். முதலில் பேக்கப், அப்புறம் டெலீட். இந்த வரிசை சரியா நடக்கிற வரைக்கும் அது அருமையான சிஸ்டம். மேலே சொன்ன மலைபடுகடாம் இத்தனை நூற்றாண்டு தாண்டி வந்ததே, பேர் தெரியாத எத்தனையோ பேர் கைவலிக்கத் திரும்பத் திரும்ப எழுதினதாலதான்.

19-ஆம் நூற்றாண்டில் அந்த வரிசை உடைஞ்சுது. 1835-க்குப் பிறகு இந்தியர்கள் தடையில்லாம அச்சகம் நடத்த முடிஞ்சுது. படிப்பு காகிதத்துக்கு மாறுச்சு. புலவர்களை ஆதரிச்ச ஜமீன்களும் செல்வர்களும் குறைஞ்சாங்க. ஏடு எழுதுறவருக்குக் கூலி இல்லை, படிக்கிறவருக்கு வேலை இல்லை. படியெடுக்கிற வேலை நின்னுபோச்சு. ஆனா பழைய ஏட்டை ஆற்றில் விடுற பழக்கம் மட்டும் நிக்கலை, ஏன்னா அது சடங்கு. காரணம் மறந்தாலும் சடங்கு நடக்கும். பேக்கப் நின்ன பிறகும் டெலீட் மட்டும் வருஷா வருஷம் ஓடிக்கிட்டே இருந்தது.

ஒருத்தர் பரண் ஏறினார்

1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்க வந்தவர் உ.வே.சாமிநாதையர். வயசு 25. அந்த ஊருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போறார். என்னென்ன படிச்சிருக்கீங்கன்னு அவர் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, புராணம்னு பெரிய பட்டியல் சொல்றார். முதலியார் அசரலை. சீவக சிந்தாமணி படிச்சிருக்கீங்களா, சிலப்பதிகாரம், மணிமேகலை படிச்சிருக்கீங்களான்னு கேட்டார். இல்லை. அன்னைக்குத் தமிழில் பெரிய புலவர்களிடம் படிச்ச ஒருத்தருக்கே அந்த நூல்களைப் பார்க்கிற வாய்ப்பு கிடைச்சிருக்கலை.

அங்கிருந்து தேடல் தொடங்குது. ஊர் ஊராக, வீடு வீடாக. மாட்டு வண்டி, ரயில், நடை. 1887-ல் சிந்தாமணி, 1889-ல் பத்துப்பாட்டு, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை அச்சாகுது. அதே 1887-ல் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை.தாமோதரம் பிள்ளை கலித்தொகையை அச்சில் கொண்டுவந்தார். ரெண்டு பேரும் ஒரே விஷயத்தோட போராடினாங்க: நாம போய்ச் சேர்றதுக்கு முன்னாடி அந்த ஏட்டை யாராவது ஒழிச்சிடக் கூடாது.

ஒழிச்ச இடமும் உண்டு. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகள் இருந்ததாகக் கேள்விப்பட்டு சாமிநாதையர் போனார். அவை ஏற்கனவே நெருப்புக்குப் போயிருந்தன. பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இடணும்னு சாஸ்திரம் சொல்லுது, அதன்படி செஞ்சோம்னு பதில் வந்தது. அந்த மனுஷங்க கெட்டவங்க இல்லை. வீட்டைச் சுத்தம் பண்றோம்னுதான் நினைச்சாங்க, அதுவும் பக்தியோட.

மயிரிழையில் தப்பினதும் உண்டு. பத்துப்பாட்டில் குறிஞ்சிப்பாட்டுன்னு ஒண்ணு இருக்கு. அதில் 99 பூக்களின் பேர் வரிசையாக வரும். கிடைச்ச ஏடுகளில் அந்தப் பகுதி விட்டுப்போயிருந்தது. சாமிநாதையர் தருமபுரம் ஆதீனத்துக்குப் போய்த் தேடினார். அங்கே உதிரி ஏடுகளை ஆடிப்பெருக்குக்குக் காவிரியில் விடுறதுக்காகக் கட்டி வச்சிருந்தாங்க. அந்தக் கட்டைப் பிரிச்சுப் பார்த்தா, உள்ளே அந்தப் பூக்கள். இன்னைக்குப் போட்டிகளில் குழந்தைகள் மூச்சு விடாம ஒப்பிக்கிற அந்தப் பட்டியல், ஆற்றுக்குப் போகக் காத்திருந்த மூட்டையிலிருந்து வந்தது.

வச்சிருந்தாலும் போகும்

இதைக் கேட்டதும், "அப்போ எதையுமே தூக்கிப் போடாதீங்க"ன்னு நான் சொல்லப்போறேன்னு சிலர் நினைப்பீங்க. அம்மாகிட்ட இந்த எபிசோடைப் போட்டுக் காட்டி, பழைய சார்ஜர் பெட்டியைக் காப்பாத்தலாம்னு ஒரு திட்டம் இருக்கும். இல்லை மக்களே.

ஏனா, வெளியே போடாம வச்சிருந்த வீடுகளிலும் ஏடுகள் அழிஞ்சுது. ஒரு தாத்தா பெரிய புலவர். அவர் போன பிறகு மூட்டை பரணுக்குப் போகும். எந்தக் கட்டில் என்ன நூல்னு தெரிஞ்சவர் அவர் ஒருத்தர்தான். பேரனுக்கு அது வெறும் ஓலை. கரையான் தின்னுட்டுப் போயிடும். சாமிநாதையர் பல வீடுகளில் மணிக்கணக்கில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டாகப் பிரிச்சுப் பார்த்ததுக்குக் காரணம், உள்ளே என்ன இருக்குன்னு வீட்டுக்காரருக்கே தெரியாததுதான். அடைச்சு வைக்கிறதும் மெதுவாகத் தூக்கிப் போடுறதுதான். ஆறு ஒரே நாளில் செய்றதைக் கரையான் 30 வருஷத்தில் செய்யும்.

நம்ம வீடும் இப்படித்தான் ஓடுது. "அம்மா, என் மார்க்‌ஷீட் எங்கே?" "அம்மா, கத்தரிக்கோல் எங்கே?" வீட்டோட மொத்தப் பட்டியலும் ஒரு பொம்பளையோட தலைக்குள்ள இருக்கு. அவங்க ஒரு வாரம் ஊருக்குப் போனா வீடு நின்னுபோகுது. அந்தப் பட்டியலைச் சுமக்கிறது ஒரு வேலைன்னு நாம கணக்கில் எடுக்கிறதே இல்லை. வீட்டை ஒழுங்கு பண்றதுன்னா, அழகான டப்பா வாங்கி அடுக்குறதுக்கு முன்னாடி, அந்தப் பட்டியலை அம்மா தலையிலிருந்து இறக்கி எல்லாருக்கும் தெரியிற மாதிரி வைக்கணும். டப்பா மேலே பேர் எழுதுங்க. எந்தப் பையில் எந்தப் பத்திரம்னு ஒரு பேப்பரில் எழுதிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்க. எல்லாரும் எடுக்கத் தெரிஞ்சா, எல்லாரும் திருப்பி வைக்கவும் தெரிஞ்சிக்கலாம்.

இந்தப் போகிக்கு

போகியைப் பத்தி ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் எரிஞ்சது பழைய பாய், முறம், விளக்குமாறு, கூரையிலிருந்து எடுத்த ஓலை. எல்லாம் மண்ணிலிருந்து வந்தது, சாம்பலாகி மண்ணுக்கே போகும். இப்போ எரியிறது டயரும் பிளாஸ்டிக்கும். 2018 போகி அன்னைக்குப் புகையால் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமாகின, சில வேற ஊருக்குத் திருப்பிவிடப்பட்டன. பொருள் மாறினதுக்கு அப்புறமும் சடங்கு மாறலை. ஏடு விஷயத்தில் நடந்த அதே கதைதான்.

அதனால இந்த வருஷம் பரண் ஏறும்போது மூணு குவியல் போடுங்க. முதல் குவியல், கடையில் திரும்பக் கிடைக்கிறது. குக்கர், பெட்ஷீட், பழைய பேன்ட். இதில் யோசிக்க ஒண்ணுமில்லை. உபயோகப்படுத்துறவங்களுக்குக் கொடுங்க, மிச்சத்தைப் பழைய சாமான்காரரிடம் போடுங்க. ரெண்டாவது, படியெடுத்துட்டு விடக்கூடியது. பழைய ரசீது, பாட நோட்டு, கல்யாணப் பத்திரிகை. போட்டோ எடுங்க, ஃபைலுக்குப் பேர் வைங்க, அப்புறம் விடுங்க. பேர் வைக்காத போட்டோ பிரிக்காத ஏட்டுக்கட்டு மாதிரிதான், போனில் இருந்தும் இல்லாத கணக்கு.

மூணாவது குவியல் சின்னதா இருக்கும். உலகத்தில் வேற எங்கேயும் படி இல்லாதது. பாட்டி கையெழுத்தில் மருந்துக் குறிப்பு, தாத்தாவோட கணக்கு நோட்டு, நிலப் பத்திரம், ஒரு கடிதம். இதை வீட்டிலேயே பத்திரமா வைங்க, என்னன்னு மேலே எழுதி வைங்க. ஓலைச்சுவடி இருந்தா, சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருக்கு, பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம் இருக்கு. பழைய தமிழ்ப் புத்தகம், பத்திரிகைன்னா தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டுக் கேளுங்க.

முதல் ரெண்டு குவியல் போனா வீட்டில் இடம் கிடைக்கும், காலையில் சாவி தேடுற நேரம் மிச்சமாகும். மூணாவதில் கொஞ்சம் பொறுமை வேணும். அதில் எது நன்னன், எது வெறும் ஓலைன்னு பிரிச்சுப் பார்த்தாதான் தெரியும்.