மருந்து தந்த துன்பமும் அதனை அடக்கிய வரலாறும்

நோயைத் தீர்க்க வந்த மருந்தே நோயாளிக்கு மற்றொரு துன்பமாதல் வைத்திய வரலாற்றிற் புதுமையன்று. ஆயினும், புற்றுநோய்ச் சிகிச்சையில் அத்துன்பம் பெருகி நின்றதுபோல வேறு சிகிச்சைகளில் நின்றது அரிது எனலாம். முடி உதிர்தல், ஓயாத வாந்தி, வாய்ப்புண், குருதிப்பெருக்கு, காய்ச்சல், தீராத சோர்வு ஆகியன நோயைக் காட்டிலும் சிகிச்சையையே பலர் அஞ்சும்படி செய்தன. அவ்வச்சத்தினாற் சிகிச்சையை இடைநடுவிற் கைவிட்டோரும் உளர். ஆகவே, இப்பக்க விளைவுகளை வைத்திய உலகம் படிப்படியாக எவ்வாறு அடக்கிற்று என்பதை அறிந்துகொள்ளுதல் பயனுடைத்து.

1895ஆம் ஆண்டில் ஜேர்மனிய அறிஞர் றொன்ட்ஜன் ஊடுகதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டிலேயே வைத்தியர்கள் அதனைப் புற்றுக்கட்டிகள்மேற் பாய்ச்சிப் பார்க்கத் தலைப்பட்டனர். கட்டி சுருங்கிற்று, ஆனால், அதனை மூடியிருந்த தோலும் வெந்தது. கதிரின் ஆற்றலை அறியாது கையாண்டவர்களுட் சிலர் தம் விரல்களை இழந்தனர். சிலர் உயிரையே இழந்தனர். இவ்விடருக்கு வழி கண்டோருள் முதன்மையானவர் பாரிஸ் நகரின் றேடியம் நிலையத்தில் ஆராய்ச்சி நடத்திய குளோட் றெகோ என்பவர். ஆட்டுக்கடாக்களில் அவர் செய்த சோதனைகள் ஓர் உண்மையைப் புலப்படுத்தின. கதிரை ஒரே தடவையிற் செலுத்தினால் தோல் புண்ணாகும். அதனையே பல நாட்களுக்குப் பகிர்ந்து சிறிது சிறிதாகச் செலுத்தினால், உள்ளே விரைந்து பெருகும் கலங்கள் அழிய, தோல் பிழைத்துக்கொள்ளும். அவருடன் பணியாற்றிய ஹென்றி கூட்டார் 1920களில் இம்முறையைத் தொண்டைப் புற்றுநோயாளரிடம் கையாண்டு வெற்றி கண்டார். இன்றும் கதிர்ச் சிகிச்சை பெரும்பாலும் வாரக்கணக்கிற் சிறு சிறு பங்குகளாக வழங்கப்படுதற்கு இதுவே காரணமாகும்.

மருந்துச் சிகிச்சையின் பிறப்போ இதனினும் வியப்பானது. முதலாம் உலகப் போரில், 1917ஆம் ஆண்டில், கடுகு வாயு எனப்படும் நச்சுப்பொருள் போர்க்களத்திற் பயன்படுத்தப்பட்டது. அதற்கு இரையானோரின் குருதியில் வெண்குழியங்கள் அருகிப்போயிருந்தமையை எட்வேட் குறும்பார், ஹெலன் குறும்பார் என்னும் அமெரிக்க வைத்தியத் தம்பதியர் 1919ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். வெண்குழியங்களை அழிக்கும் நஞ்சு, அக்குழியங்கள் கட்டுக்கடங்காது பெருகும் நோயை அழிக்காதோ என்ற வினா பின்னர் எழுந்தது. 1942ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தில் லூயி குட்மன், அல்பிரட் கில்மன் ஆகியோர் அந்நஞ்சின் இனமான ஒரு பொருளை நிணநீர்ப் புற்றுநோயாளர் ஒருவருக்குச் செலுத்துவித்தனர். கட்டிகள் கரைந்தன. ஆனால், குருதியைப் படைக்கும் என்பு மச்சையும் நலிந்தது; சின்னாளிற் கட்டிகளும் மீண்டும் வளர்ந்தன. போர்க்கால இரகசியம் காரணமாக இச்செய்தி 1946ஆம் ஆண்டிலேயே வெளியாயிற்று.

இவ்வரலாற்றில் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பக்க விளைவு இம்மருந்துக்குப் பின்னே வந்து ஒட்டிக்கொண்டதன்று. மருந்தே ஒரு நஞ்சின் தீய விளைவிலிருந்து பிறந்ததாகும். விரைந்து பெருகும் கலங்களைத் தாக்குதலே அதன் தொழில். புற்றுக்கலம் விரைந்து பெருகுவது. என்பு மச்சையும், மயிர்க்காலும், வாய் குடல் ஆகியவற்றின் உட்சுவரும் அவ்வாறே விரைந்து பெருகுவன. பகைவனையும் அயலானையும் பிரித்தறியாத வாள் போன்றது அம்மருந்து. எனவே, வாளைக் கைவிடாமல் அயலானைக் காப்பது எவ்வாறு என்பதே அடுத்துவந்த தலைமுறையினரின் பணியாயிற்று.

1948ஆம் ஆண்டில் பொஸ்டன் நகரின் சிட்னி பாபர் என்னும் வைத்தியர், அமினோப்டெரின் என்ற மருந்தினால், குருதிப் புற்றுநோயுற்ற 16 குழந்தைகளுள் 10 பேரிடம் நோய் சிறிது காலம் தணிந்தமையை வெளியிட்டார். நம்பிக்கை பிறந்தது. ஆனால், நோயாலும் மருந்தாலும் மச்சை நலிந்த குழந்தைகள் குருதிப்பெருக்கினால் மாண்டனர். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்திற் பணியாற்றிய எமில் பிறைறைக், குருதியை உறையச் செய்யும் சிறுதட்டுக்கள் குறைதலே இதற்குக் காரணம் எனக் காட்டினார். நெடுநாள் சேமித்த குருதியில் அத்தட்டுக்கள் பயனிழந்துவிடுகின்றன. புதிதாகப் பெற்ற குருதியின் தட்டுக்களை ஏற்றியபோது பெருக்கு நின்றது. தட்டுக்களைப் பிரித்தெடுக்க ஒரு பொறி வேண்டியிருந்தது. 1960களில் அதனை அவருடன் சேர்ந்து ஆக்கியவர், தம் மகனே குருதிப் புற்றுநோயாற் பீடிக்கப்பட்டிருந்த ஜோர்ஜ் ஜட்சன் என்னும் பொறியியலாளர். ஒரு தந்தையின் துயர் எண்ணிறந்த பிள்ளைகளுக்குக் காவலாயிற்று.

வாந்தியை அடக்குதற்கு மேலும் நெடுங்காலம் சென்றது. 1978ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிஸ்பிளாட்டின், விதைப்பைப் புற்றுநோயைக் குணமாக்கும் பேராற்றல் உடையது. ஆயினும், அது விளைத்த வாந்தி மிகக் கொடியது. மருந்தினால் ஊறுபட்ட குடற்கலங்கள் செரட்டோனின் என்னும் பொருளைச் சிந்த, அது நரம்பின் வழியே மூளையிலுள்ள வாந்தி மையத்தைத் தூண்டுகின்றது என்பது தெளிவாயிற்று. அத்தூண்டுதலைத் தடுக்கும் ஒண்டன்செட்ரோன் 1991ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. வெண்குழியங்களை விரைந்து வளரச் செய்யும் ஊசிமருந்தும் அதே ஆண்டில் அங்கு அனுமதி பெற்றது.

எனினும், எம்மருந்தும் நோயாளி வாய்திறந்து சொல்லாத துன்பத்தைத் தீர்க்க மாட்டாது. நியூயோர்க் நகரின் மெமோறியல் சிலோன் கெற்றறிங் வைத்தியசாலையில், முற்றிய புற்றுநோய்க்கு மருந்துச் சிகிச்சை பெற்ற 766 பேரிடம் ஓர் ஆராய்ச்சி நடைபெற்றது. ஒரு பிரிவினர் தம் உபாதைகளைக் கணினி வழியே ஒழுங்காகப் பதிந்தனர். உபாதை மிகுந்தபோது தாதியருக்குச் செய்தி சென்றது. மறுபிரிவினர் வழக்கமான கவனிப்பையே பெற்றனர். 2017ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, வழக்கமான கவனிப்புப் பெற்றோரின் இடைநிலை வாழ்நாள் 26 மாதங்கள். பதிந்தோருக்கு அது 31 மாதங்களுக்குச் சற்று மேலாயிருந்தது. துன்பத்தைக் கேட்டறிந்து உடன் கவனித்தமையே ஐந்து மாத ஆயுளை அளித்தது என்பது சிந்திக்கத்தக்கது.

நம்மவர் பொறுமையைப் பெருங்குணமாகப் போற்றுவர். வைத்தியருக்குத் தொல்லை கொடுத்தலாகாது என்று வாந்தியையும் நோவையும் மறைப்போர், சிறப்பாகத் தாய்மார், நம்மிடையே பலர். இங்கு அப்பொறுமை நன்மை பயப்பதன்று. மருந்துச் சிகிச்சைக் காலத்தில் உடல் வெப்பம் 38 பாகை செல்சியசை எட்டினால், விடியட்டும் என்று காத்திராது உடனே வைத்தியசாலையை நாடுதல் வேண்டும். வெண்குழியம் குறைந்த உடலில் சிறு தொற்றும் உயிருக்கு ஊறாகலாம். நூற்றாண்டுக்கு மேலாக அறிஞர்கள் தேடிக் கண்ட பரிகாரங்கள் இன்று உள்ளன. அவை நோயாளியைச் சென்றடைய வேண்டுமாயின், அவர் தம் துன்பத்தைச் சொல்லவும் அருகிருப்போர் அதனைக் கேட்கவும் வேண்டும்.